தேங்காய், டெல்லி, செம்மங்குடி: இந்தப் பெயர்களை எல்லாம் யார் வைத்தது?

2 ஆகஸ்ட், காலை (வாசகர் கேள்வி)

மகளுக்கு டிசம்பரில் வயலின் அரங்கேற்றம். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ஊரைப் போடு, அதுதான் சம்பிரதாயம் என்கிறார் என் மாமனார். எங்களுக்கு ஊர் என்றால் இப்போது வேளச்சேரிதான். பெயருக்கு முன்னால் வேளச்சேரி வந்தால் பஸ் போர்டு மாதிரி இருக்கிறது என்று மகள் சிரிக்கிறாள். அப்போதுதான் யோசித்தேன். தேங்காய் சீனிவாசன், ஓமக்குச்சி நரசிம்மன், வெண்ணிற ஆடை மூர்த்தி, செம்மங்குடி என்று ஒருமுறை கேட்டால் மறக்காத பெயர்கள் முன்பு எத்தனை இருந்தன! இப்போது ஏன் அப்படி வருவதில்லை? அந்தக் காலத்துக் கலைஞர்கள் விளம்பரம் தெரிந்தவர்கள், யோசித்துத்தான் வைத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

2 ஆகஸ்ட், இரவு 10.15 (என் பதில்)

யோசித்து வைத்துக்கொண்டார்களா? எந்த மனிதராவது உட்கார்ந்து யோசித்துத் தனக்குத் 'தேங்காய்' என்று பெயர் சூட்டிக்கொள்வாரா? சீனிவாசன் 'கல் மனம்' என்ற நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தார். அதைப் பார்த்த கே.ஏ. தங்கவேலு, இனிமேல் இவர் தேங்காய் சீனிவாசன் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிந்தது. அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கலாம். பெயர் மட்டும் 1987இல் அவர் இறக்கும் வரைக்கும் கூடவே வந்தது, இன்னும் இருக்கிறது. பெயர் வைத்தவருக்கே 'டணால்' என்று ஒரு ஒட்டு இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் பட்டதை இவருக்குக் கொடுத்தார்!

ஓமக்குச்சி கதை இன்னும் எளிது. ஆள் ஒல்லி. ஒல்லியானவனை ஓமக்குச்சி என்று கூப்பிடாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் கிடையாது.

2 ஆகஸ்ட், இரவு 10.50

ஒன்றை விட்டுவிட்டேன். சிவாஜி கணேசன். அவரும் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் வி.சி. கணேசன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர் அது. அப்புறம் இன்னொரு கணேசன் வந்தார், ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். இரண்டு கணேசன்களைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது, ஜெமினி கணேசன் ஆனார். பிறகு மூன்றாவதாக ஒரு கணேஷ், அவர் டெல்லி. ஒருவருக்கு வேஷம், ஒருவருக்குக் கம்பெனி, ஒருவருக்கு ஊர். ஒரு பிள்ளையார் பெயரை வைத்துக்கொண்டு தமிழர்கள் எத்தனை வழியில் சமாளித்திருக்கிறார்கள்.

3 ஆகஸ்ட், காலை

ராத்திரி எழுதியதை இப்போது படித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சீனிவாசன், மூர்த்தி, நரசிம்மன், கணேசன். எல்லாம் தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர்கள். எங்கள் தெருவில் மூன்று கோவிந்தராஜ் இருந்தார்கள்: மெத்தைவீட்டு கோவிந்தராஜ், ரேஷன்கடை கோவிந்தராஜ், வெறும் கோவிந்தராஜ். வெறும் கோவிந்தராஜுக்குக் கடைசி வரை அது ஒரு குறைதான்.

இப்போது ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பதும் வேறு வேறு பெயர், அதில் பாதியை வாத்தியாரால் வாயில் நுழைக்க முடியாது. உங்கள் மகளுக்கும் யாருக்கும் இல்லாத பெயராகத்தான் தேடி வைத்திருப்பீர்கள். அடைமொழிக்கு அங்கே என்ன வேலை?

3 ஆகஸ்ட், பிற்பகல்

ஓமக்குச்சி விஷயத்தில் நான் எழுதியது தப்பு. நாடகம் தெரிந்த ஒரு நண்பர் போன் செய்து திட்டினார். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லையாம் அது. 'நாரதரும் நான்கு திருடர்களும்' என்ற நாடகத்தில் நரசிம்மனுக்குக் கராத்தே வீரர் வேஷம், யாமகுச்சி என்பது மாதிரி ஜப்பான் வாடையடிக்கும் பெயர். அது நம் ஊர் வாயில் விழுந்து ஓமக்குச்சி ஆனது. ஜப்பானில் கிளம்பி நாட்டு மருந்துக் கடையில் வந்து நின்றிருக்கிறது. உடம்பும் வாகாக அமைந்ததால் யாரும் காரணம் கேட்கவில்லை, நான் உட்பட.

இப்படித்தான் போல. பெயருக்கு நாமாகக் கண்டுபிடிக்கும் காரணம் எப்போதும் உண்மையான காரணத்தைவிடப் பொருத்தமாக இருக்கும். காத்தாடி ராமமூர்த்தியையும் பாருங்கள். ஒல்லியாக, காற்றில் ஆடுகிற மாதிரி இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் சோ எழுதிய நாடகத்தில் வந்த பாத்திரத்தின் பெயர்தான். அந்த சோவே ராமசாமியாக இருந்து, 'தேன்மொழியாள்' நாடகத்தில் போட்ட வேஷத்தால் சோ ஆனவர்.

4 ஆகஸ்ட், இரவு

இன்று முழுக்கப் பழைய அச்சாபீஸ் ஞாபகம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்ணூறுகளில் நாலு வருஷம் கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கம்போசிங் வேலை பார்த்தேன். ஈய எழுத்து. சுற்றுப்பக்கத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் வரும். மேளம், பாட்டு, கதாகாலட்சேபம், வாணவேடிக்கை உபயதாரர் வரைக்கும் பெயர்களாகவே கோத்துக் கோத்து, எந்தக் கலைஞருக்கு எந்த ஊர் ஒட்டு என்பது விரலுக்கே தெரியும். ஊரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கோத்தால் முதலாளி புரூஃபில் சிவப்பு மையால் சுழித்து, "எந்தக் கிருஷ்ணன்டா?" என்பார்.

ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ். கச்சேரி பக்கவாத்தியத்தில் 'கடம்' என்று ஒரு வரி. அச்சு முடிந்த எழுத்துகளைத் திரும்ப அறையில் பிரித்துப் போட்ட பையன் ன்-ஐ ம் அறையில் போட்டிருக்கிறான். நான் கண்ணால் பார்க்காமல் கையால் எடுத்தேன். ஆயிரம் பிரதி ஓடி, கட்டி, ஊரெல்லாம் ஒட்டியான பிறகு பார்த்தால், 'கடன்' என்று போட்டு மூன்று புள்ளி வைத்து வித்வானின் ஊரும் பெயரும்.

முதலாளி என்னையே அனுப்பினார், போய் அவர் காலில் விழு என்று. போனேன். திண்ணையில் உட்கார்ந்து நோட்டீஸை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "தப்பு ஒண்ணும் இல்லையே தம்பி. ரெண்டும் நம்மகிட்ட உண்டு" என்றார். காபி கொடுத்து அனுப்பினார். அந்த ஊரில் அதற்கப்புறம் அவருக்கு அதுதான் பெயர் என்று கேள்விப்பட்டேன். நான் வைத்த பெயர்! இதற்கு மேல் என் கட்சிக்கு ஆதாரம் வேண்டுமா?

5 ஆகஸ்ட்

கடனில் இருந்து அடகு. உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கும் சங்கராபரணம் நரசையர் கதை தெரிந்திருக்கும். சங்கராபரண ராகத்தை அவர் மாதிரி பாட ஆளில்லை, அதனால் ராகமே பெயரில் ஏறிக்கொண்டது. பணமுடை வந்தது. கபிஸ்தலம் இராமபத்திர மூப்பனாரிடம் கடன் கேட்டார். அடகு என்ன வைக்கிறீர் என்று அவர் கேட்க, கையில் வேறு ஒன்றும் இல்லாததால் அந்த ராகத்தையே அடகு வைத்தார். திருப்பும் வரை எங்கும் பாட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு கும்பகோணத்தில் வாலீஸ் அப்புராயர் வீட்டுக் கல்யாணத்தில் சங்கராபரணம் பாடச் சொன்னபோது, பாட முடியாத காரணத்தைச் சொல்ல வேண்டி வந்தது. அப்புராயர் பணத்தை அனுப்பி ராகத்தை மீட்டார். மூப்பனார் நேரில் வந்து, விளையாட்டாகக் கேட்டதுதான் என்று சொல்லி அந்தப் பணத்தையும் நரசையருக்கே கொடுத்துவிட்டார். தோடி சீதாராமையர் தோடியை அடகு வைத்ததாகவும் இதே மாதிரி ஒரு கதை உண்டு.

நான் இதில் கவனிப்பது வேறு. அவர் பாடாமல் இருந்த அந்தக் காலம் முழுக்க மக்கள் அவரை என்ன என்று கூப்பிட்டிருப்பார்கள்? சங்கராபரணம் நரசையர் என்றுதானே? ராகம் கபிஸ்தலத்தில், பெயர் மட்டும் இவரிடம்.

(கூடவே, வாலீஸ் அப்புராயர். வெள்ளைக்கார அதிகாரியின் பெயரைத் தலையில் வைத்திருந்த கும்பகோணத்து ராயர். அவர் கலைஞர் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். மனசில்லாமல்.)

6 ஆகஸ்ட், காலை

ஊர்ப்பெயருக்கு வருகிறேன், உங்கள் மாமனார் காத்திருக்கிறார்.

டெல்லி கணேஷ் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டுக்காரர். விமானப்படையில் பத்து வருஷம் இருந்தார், டெல்லியில் தமிழ் நாடகங்களில் நடித்தார், சென்னைக்கு வந்தார். டெல்லி ஒட்டிக்கொண்டது. டெல்லியில் இருந்தபோது அவரை யாராவது டெல்லி கணேஷ் என்று கூப்பிட்டிருப்பார்களா? அங்கே எல்லோரும் டெல்லிதான். விட்டு வந்த ஊர்தான் பெயரில் வரும், வந்து சேர்ந்த ஊர்தான் அதைக் கொடுக்கும். அரியக்குடியில் நின்றுகொண்டு ராமானுஜ ஐயங்காரை 'அரியக்குடி' என்றால் யாருக்கு என்ன புரியும்? மதராஸ் சபாவில்தான் அது பெயர்.

அதனால் வேளச்சேரியில் இருந்துகொண்டு 'வேளச்சேரி' போட முடியாது. மகள் மதுரையில் கச்சேரி செய்தால் அவர்களாகப் போடுவார்கள்.

6 ஆகஸ்ட், இரவு

காலையில் சொன்னதில் ஓட்டை இருக்கிறது. 'விட்டு வந்த ஊர்' என்றேனே, அது பிறந்த ஊர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908இல் பிறந்தது திருக்கோடிக்காவலில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குத் திருவாவடுதுறை ஆதீனத்து வித்வானாக இருந்ததால் வந்த ஊர் அது. சொந்த ஊர் திருமருகல், அது டி.என். என்ற இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கிறது: திருமருகல் நடேசன், வளர்த்த மாமா.

உச்சம் பாபநாசம் சிவன். பிறந்தது போலகம் கிராமம், வைத்த பெயர் ராமையா. பாபநாசம் பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு பஜனை பாடித் திரிந்தவரைப் பார்த்தவர்கள், சாட்சாத் சிவனே என்று சொல்லப்போய் அதுவே நின்றது. பாபநாசம் பிறந்த ஊர் இல்லை, சிவன் பெயரும் இல்லை. ராமன் பெயரை வைத்துக்கொண்டு சிவனாக இருந்திருக்கிறார், சண்டை இல்லாமல்.

ஆலத்தூர் சகோதரர்களையும் சொல்லிவிடுகிறேன். சகோதரர்கள் இல்லை. சீனிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயரின் தகப்பனாரிடம் பாட்டுக் கற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள், சகோதரர்கள் ஆகிவிட்டார்கள்.

8 ஆகஸ்ட்

இனிஷியல் பற்றி மேலே போகிற போக்கில் எழுதினேன். இரண்டு நாளாக அது மண்டையைக் குடைகிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமி. எம் மதுரை, எஸ் சண்முகவடிவு. அம்மா, வீணைக் கலைஞர். எம்.எல். வசந்தகுமாரியில் எல் என்பது லலிதாங்கி, அதுவும் அம்மா, அவரும் பாடகி. கே.பி. சுந்தராம்பாளில் கே கொடுமுடி, பி பாலாம்பாள், மறுபடி அம்மா. 'எம்.எஸ்.' என்று ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வாய்கள் சொல்லியிருக்கும்! ஒவ்வொரு முறையும் சண்முகவடிவு பெயர்தான் பாதி. சொல்பவர்களுக்குத் தெரியாது.

நான் நோட்டீஸ் கோத்த காலத்தில் இந்த எழுத்துகளை எத்தனை முறை எடுத்திருப்பேன். எழுத்து, புள்ளி, எழுத்து, புள்ளி. ஒரு தடவைகூட இந்தப் புள்ளிக்குப் பின்னால் யார் என்று கேட்டதில்லை. இத்தனைக்கும் என் அம்மாதான் எனக்கு எழுத்துக் கூட்டப் படிக்கச் சொல்லித்தந்தவர், என் இனிஷியலில் அவர் இல்லை.

எல்.ஆர். ஈஸ்வரி இதில் தனிக்கட்சி. ஊரும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. லூர்து மேரி, ராஜேஸ்வரி என்று அவருடைய சொந்தப் பெயர்கள்தான் இனிஷியல் ஆகி நிற்கின்றன. எம்.எஸ். ராஜேஸ்வரி ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார், இன்னொரு ராஜேஸ்வரி வந்தால் குழப்பம். தன் பெயருக்குத் தானே இனிஷியல்.

11 ஆகஸ்ட்

ஆளைத் தெரியவைத்த படத்தின் பெயரைச் சுமப்பது வியாபாரத் தந்திரம்தான் என்று மீண்டும் எழுதியிருக்கிறீர்கள். வெண்ணிற ஆடை (1965), நிழல்கள் (1980), தலைவாசல் (1992), ஆடுகளம் (2011) என்று பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள். 1965க்கும் 2011க்கும் நடுவில் அது நிற்கவே இல்லை என்று உங்கள் பட்டியலே சொல்கிறதே, கவனித்தீர்களா? 'இப்போது வருவதில்லை' என்று நீங்கள் சொன்னதும் போச்சு, பெயர்கள் வேறு வேறாகிவிட்டதால் தேவையில்லை என்று நான் சொன்னதும் பாதி போச்சு. யோகி பாபு இருக்கிறார், அட்டகத்தி தினேஷ் இருக்கிறார். உடம்பில் பெயின்ட் அடித்துக்கொண்டு மேடையில் ரோபோ மாதிரி ஆடிய சங்கர், ரோபோ சங்கர். டி.வி. நிகழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு வந்த லொள்ளு சபா மனோகர். சரி, தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாபு, தினேஷ், சங்கர், மனோகர் எல்லாம் பழைய மாதிரிப் பெயர்கள்தான் என்பதை மட்டும் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தந்திரம் என்பதற்கு வருகிறேன். இது சினிமா கண்டுபிடித்தது இல்லை. குறுந்தொகையைத் திறந்து பாருங்கள். 40ஆம் பாட்டு, "செம்புலப் பெயல்நீர் போல". எழுதியவர் பெயர் செம்புலப் பெயனீரார். அடுத்த பாட்டு, அணிலாடு முன்றிலார். யாரும் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று ஒரு உவமை, அதுவே ஆளின் பெயர். 74, விட்ட குதிரையார். 305, குப்பைக் கோழியார்: குப்பைமேட்டில் இரண்டு கோழி தாமாகச் சண்டை போடுவதைப் போல என்று எழுதியதற்குக் கிடைத்த பரிசு. நற்றிணை 284இல் இரண்டு யானை இரண்டு பக்கம் இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு மாதிரி என் உடம்பு என்று ஒருவர் எழுதினார். தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார்.

வெண்ணிற ஆடை மூர்த்திக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மூர்த்திக்கு மூர்த்தி மிஞ்சியது. குப்பைக் கோழியாருக்கு அதுவும் மிஞ்சவில்லை. பாட்டு கையில் இருக்கிறது, பெயர் தெரியவில்லை, தொகுத்தவர்கள் பாட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிட்டார்கள். எங்கள் அச்சாபீஸ் வேலைதான் அதுவும், "எந்தக் கிருஷ்ணன்டா?"

எனக்குப் பிடித்த பெயர் நரிவெரூஉத்தலையார். நரி பார்த்து மிரளும் தலை! இதை விளம்பரத்துக்காக வைத்துக்கொண்டார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

12 ஆகஸ்ட்

வேஷத்தின் வகையே பெயரான ஆளை மறந்துவிட்டேன். கள்ளபார்ட் நடராஜன். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரிவு உண்டு. அதில் திருடன் வேஷம் இவருடையது. ரேஷன் கார்டு வாங்கப் போன இடத்தில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஓவியர்களில் சில்பி, கோபுலு. இரண்டு பேருக்கும் விகடனில் ஓவியர் மாலி வைத்த பெயர்கள். சீனிவாசன் சில்பி ஆனார், கோபாலன் கோபுலு ஆனார். பாருங்கள், இங்கேயும் ஒரு சீனிவாசன்.

15 ஆகஸ்ட், இரவு

வயலின் என்று மட்டும் போட்டுக்கொள்வதாக மகள் முடிவு செய்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. வீணை தனம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. மாமனார் வருத்தப்பட்டால் என் தாய்மாமா கதையைச் சொல்லுங்கள். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மாமா தவில்காரர். குடமுருட்டிக் கரையில் பத்துப் பதினைந்து தெரு உள்ள கிராமம். சுற்றியிருக்கும் கோயில்களுக்கு வாசித்தே முப்பது வருஷம் ஓட்டினார். பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் என்பதால் அவருக்கு ஊர்ப்பெயர் கிடையாது. ஒருமுறை சிதம்பரம் பக்கம் ஒரு பெரிய கல்யாணத்தில் ஸ்பெஷல் தவில் வராமல் போய், மாமாவைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பத்திரிகையோடு ஒரு கச்சேரித் தாளும் அடித்தார்கள். இவருடைய கிராமம் யாருக்கும் தெரியாது என்று, பக்கத்தில் பெரிய ஊர் எதுவோ அதைப் போட்டுவிட்டார்கள். ஸ்பெஷல் தவில், பாபநாசம் என்று ஆரம்பித்து மாமா பெயர்.

மாமா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அப்புறம் வெளியூரில் யார் கேட்டாலும் பாபநாசம்தான். சிவன் உங்களுக்குச் சொந்தமா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டார், ஒரு மாதிரி சிரிப்பார். எங்கள் ஊரில் இதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன்.

அவர் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க என்னிடம்தான் வந்தார்கள், நான் அச்சுக்காரன் ஆயிற்றே. ஊர் போடணுமா என்று அத்தையிடம் கேட்டேன். "அவர் ஆசைப்பட்ட பேரு, போடாம இருக்காதே" என்றார். பெரிய எழுத்தில் போட்டேன். கீழே, இறுதி ஊர்வலம் மாலை 4 மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து. எந்த ஊர் இல்லம் என்று போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரியும் அல்லவா.

நாலு மணி தாண்டியும் வெளியூர் மேளக்காரர்கள் யாரும் வரவில்லை. அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு மூன்று பேர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள், ஒருவர் கையில் நாதஸ்வர உறை. மதியத்திலிருந்து பாபநாசத்தில் தெருத் தெருவாக விசாரித்திருக்கிறார்கள். அங்கே அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லையாம்.